நாக்குத் தொலைந்த வீட்டில் பேக்கன்

என் கணவருக்கு நாக்குப் போய்விட்டது. பதற வேண்டாம், நாக்கு வாயில்தான் இருக்கிறது, பேச்சுக்கும் குறைவில்லை. ருசிதான் போய்விட்டது. ஊரெல்லாம் சுற்றிய அந்தக் காய்ச்சல் கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டுக்கும் ஏறி வந்தது. என்னை நாலு தும்மலோடு விட்டுவிட்டு, அவருடைய வாசனையையும் ருசியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. டாக்டரிடம் கேட்டால் "வரும்" என்றார். எப்போது என்று கேட்டால் அதற்கும் "வரும்" என்றார். நான் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவள். இப்படி விடை எழுதுகிற பிள்ளைக்கு முட்டைதான் போட்டிருப்பேன்.

மாதங்கள் போயின, ருசி வரவில்லை. மனுசன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தால் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறந்த மாதிரித்தான். கொறக்காய்ப் புளி கூடிவிட்டது, பால் தண்ணியாய்க் கிடக்கிறது, இந்த மீன் நேற்றையது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது எதை வைத்தாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறார். ஒரு நாள் சோதித்துப் பார்ப்போமென்று பருப்புக்கு உப்பே போடாமல் வைத்தேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்டுதான். கடதாசி திண்ட மாதிரி" என்றார்.

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பருப்புக்கு உப்புப் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். தொலைந்த பொருளைத் தேடித் தருவதில் அந்தோனியாரை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். சாவிக்கொத்தும் பாஸ்போட்டும் தேடித் தருகிறவருக்கு ஒரு மனுசனின் ருசியைத் தேடுவது பெரிய காரியமா? சும்மா கேட்கக் கூடாது என்பதால் நேர்த்தி வைத்தேன். இவருக்கு ருசி திரும்பும்வரைக்கும் பன்றி இறைச்சியை வாயில் வைக்க மாட்டேன்.

இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரோடு பழகாதவர்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பன்றிக் கறி. கிறிஸ்மஸுக்குப் பன்றிக் கறி. பெருநாளுக்கு, பிறந்தநாளுக்கு, கலியாணத்துக்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்காகப் பன்றிக் கறி. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. ஆகவே அவருக்கும் சொல்லவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டபோது, கொலஸ்ட்ரோல் என்று சொல்லிவிட்டு மீன் சாப்பிட்டேன். வயிறெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மனுசனுக்குப் பேக்கன் பைத்தியம் பிடித்தது.

எல்லாம் ஃபோனால் வந்த வினை. ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் துள்ளி எழும்பினார். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் பேக்கன் துண்டை முறுக்கி, மேலே பழுப்புச் சீனியும் மிளகாயும் தூவி, ஓவனில் வைத்து எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறானாம்.

"இஞ்சாரும், இதில உப்பு இருக்கு, இனிப்பு இருக்கு, உறைப்பு இருக்கு, புகை இருக்கு. நாலு பேர் சேர்ந்து போய்க் கதவைத் தட்டினா ஒருத்தருக்காவது திறக்க மாட்டாங்களா?"

அந்தக் கதவு அவருடைய நாக்கு. எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. உருகிய நெஞ்சோடு "செய்யுங்கோ" என்று சொல்லித் தொலைத்தேன். பேக்கன் பன்றி இறைச்சி என்பது பஸ் ஏறி அவர் வெள்ளவத்தைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளவத்தை சூப்பர்மார்க்கெட்டில் பேக்கன், அங்கேயே சந்தையில் கித்துள் மரத்துச் சாற்றில் காய்ச்சிய பாணி. வீடியோக்காரனின் பழுப்புச் சீனியை இவர் ஏற்கவில்லை, கித்துள் இருக்கும்போது சீனி எதற்காம். இனிப்புக்கு, பேக்கன் துண்டுகளை முறுக்கிப் பாணி தடவித் துண்டு மிளகாய் தூவுவார். உறைப்புக்கு, கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, நடுவில் சீஸ் வைத்துப் பேக்கனால் இறுக்கிச் சுற்றி மிளகு போடுவார். இரண்டையும் கம்பித் தட்டில் அடுக்கி, கீழே கொழுப்பு வடிய ஒரு தகரத் தட்டு வைத்து ஓவனுக்குள் தள்ளுவார். குசினிக்குள் என்னை விடவில்லை. "இது என்ட டிபார்ட்மென்ட்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு மிடுக்கு.

ஐயோ, அந்த வாசம். கொழுப்பு உருகிப் பாணியோடு சேர்ந்து பொரிகிற வாசம் வீடு முழுக்க நிறைந்தது. அதை உண்டாக்குகிறவருக்கு ஒரு துளியும் தெரியவில்லை, தின்னக் கூடாத எனக்கு மூக்கைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தோனியாரே, நான் கேட்டது என்ன, நீர் செய்தது என்ன?

முதல் தட்டு வெளியே வந்ததும் ஒரு பேக்கன் முறுக்கை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

"கடதாசி. ஆனா மொறுமொறு கடதாசி" என்றார். பிறகு எனக்கு ஒன்றை நீட்டினார். "நீர் சாப்பிட்டுச் சொல்லும்."

"எனக்கு வேணாம்."

"ஒரு கடி."

"கொலஸ்ட்ரோல்."

நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் துணி எடுக்கப் போவதுபோல் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஓவனைப் பற்றவைத்தால் நான் கீழ்வீட்டுக்கு ஓடிவிடுவேன். கீழ்வீட்டில் இருப்பவள் மாளிகாவத்தையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண், எனக்குத் தங்கச்சி மாதிரி. உலகம் தலைகீழாக நின்றாலும் அவள் வீட்டில் பன்றி இருக்காது. என்னைப் போன்ற பலவீனக்காரிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கொழும்பில் ஏது? அவள் மனம் நோகக் கூடாதென்று என் கணவர் பேக்கன் நாட்களில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கதவடியில் ஈரச்சீலை வைப்பார். அப்படியும் வாசம் படியிறங்கி வந்துவிடும்.

"வாசத்துக்குப் பாவம் இல்ல டீச்சர்" என்பாள் அவள். "ஆனா நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் இங்க ஓடி வாற? சண்டையா?"

வேறு மதத்துக்காரியிடம் சொன்னால் நேர்த்தி கெடாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேக்கன் வியாபித்துக்கொண்டே போனது. கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு டப்பா, துறைமுகத்துப் பழைய கூட்டாளிக்கு ஒரு டப்பா. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நிற்கும்போது இவர் டப்பாவைத் திறந்துகொண்டு வலம் வருவார். "சூப்பர் அங்கிள்." "கடையில கூட இப்பிடி இல்லை." இவருக்கு முதுகு நிமிர்ந்தது. சூப்பர்மார்க்கெட் பெடியனும் இவரைத் தூரத்தில் கண்டால், "அங்கிள், அதத் பேக்கன்த?" என்று இன்றைக்கும் பேக்கன்தானா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. கூட்டாளி வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு சாப்பிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஒரு ஜக்குத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்து முடித்தார். பாடகர் குழுவில் உச்சக் குரல் பாடுகிற பெண், என் கண் முன்னாலேயே பாதி முறுக்கைக் கோயில் குரோட்டன் செடிக்குள் நைசாகப் போட்டாள். எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு வாசமாக இருக்கிற சாமானை யாராவது செடிக்குப் போடுவார்களா?

இடித்தது எனக்கு மட்டுமல்ல. அன்று பின்னேரம் மனுசன் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் சூப்பர் எண்டுதான் சொல்றாங்கள். ஒருத்தனும் ஒரு குறை சொல்லலை. நான் முந்தி உம்மட கறிக்கு எத்தினை குறை சொல்லுவன்? குறையில்லாத சாப்பாடு எண்டு ஒண்டு இருக்கா? பாவம் எண்டு பொய் சொல்றாங்கள். நீர் ஒருத்திதான் உண்மை சொல்லக்கூடிய ஆள். நீர் வாயிலயும் வைக்கிறீர் இல்லை."

"எனக்குத்தான் கொலஸ்ட்ரோல் எண்டு..."

"உம்மட ரிப்போட்டை நான் பார்த்தனான். கொலஸ்ட்ரோலும் இல்லை, ஒண்டும் இல்லை." குரல் உடைந்தது. "ருசி தெரியாதவன் செய்தது எண்டு உமக்கு அருவருப்பு. அதைச் சொல்லிப்போடும்."

நேர்த்தியைச் சொன்னால் பலிக்காதே என்று நான் காலி டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் அவர் ஓவனைப் பற்றவைக்கவில்லை. பழையபடி ஜன்னலோரக் கதிரையில் போய் உட்கார்ந்தார், ஃபோனைக்கூடத் தொடவில்லை. ருசி திரும்புகிறதோ இல்லையோ, திரும்பி வந்திருந்த மனுசனையும் நானே துரத்திவிட்டேனே.

கீழே ஓடினேன். தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கட மார்க்கத்துல சத்தியம் முறிச்சா அதுக்கு ஒரு பரிகாரம் ஈக்கி டீச்சர். ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கணும். ஒங்கட ஃபாதர்ட கேட்டுப் பாருங்க. அங்கயும் என்னமாவது ஈக்கும்."

கேட்கத்தான் வேண்டும், ஆனால் யாரிடம்? எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்திருந்த ஃபாதர் என்னிடம் கணக்குப் படித்தவர். படித்தவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீட்டுவேலை செய்யாமல் வந்து நாய் கொப்பியைத் தின்றுவிட்டது என்று சொன்ன பிள்ளை. அந்தக் காதை நான் திருகியிருக்கிறேன். அதே காதில்தான் இப்போது போய் என் பன்றிக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஃபாதர் எனக்குக் கதிரை போட்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் கண் கலங்கியிருந்தது.

"நேர்த்தியை மாத்தித் தரலாம் டீச்சர். ஆனா அதைவிட லேசானதாய் இருக்கக் கூடாது. பன்றிக்குப் பதிலா நீங்க விடுறதுக்கு மிச்சம் கஷ்டமானது என்ன?"

"சீனி? பிளேன்டிக்குச் சீனி இல்லாம..."

"ம்ஹூம்." தலையை ஆட்டினார். அந்த முகத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்ததை நான் கண்டேன். "இனிமேல் யாரையும் ஏச வேணாம் டீச்சர். அங்கிளுக்கு ருசி வரும்வரைக்கும்."

"ஃபாதர், அதுக்குப் பன்றியே லேசு!"

"அதனாலதான்" என்றார் ஃபாதர்.

ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு, பற்களைக் கடித்தபடி வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு த்ரீவீல்காரன் காலில் ஏற்றப் பார்த்தான். "கவனமாப் போங்கோ தம்பி" என்றேன். அவன் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு முன்னால் போய் நின்று, "இஞ்சேருங்கோ, பேக்கன் செய்யுங்கோ. நான் சாப்பிடுறன்" என்றேன். அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். ஓவன் சூடானது, வாசம் வந்தது, நான் கதிரையை விட்டு அசையவில்லை. தட்டு வந்தது. பளபளவென்று பாணி மினுங்கிய முறுக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன். எத்தனை நாள் பசி! முழுவதாக வாய்க்குள் போட்டேன்.

கடவுளே.

உப்பு. உப்பென்றால் அப்படி ஒரு உப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, காது அடைத்தது. துப்பவும் முடியாது, மனுசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதரை நினைத்தேன், விழுங்கினேன், சிரித்தேன்.

"நல்லா இருக்கு. உப்புத்தான் கொஞ்சம் கூடின மாதிரி..." என்றேன் மெதுவாக.

அவர் முகம் விழுந்தது. "நீரும் அவங்கட கட்சிதானா?" என்றார். "உம்மட வாயில 'கொஞ்சம்' எண்ட சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. விடும், உமக்கும் என்னைப் பார்த்தாப் பாவமாத்தான் இருக்கு."

"பாவமா?" என்றேன். அதோடு எனக்குள் ஏதோ அறுந்தது. "பாவமா? கொஞ்சமில்லை மனுசா, கடலுக்குள்ள தாட்டு எடுத்தது மாதிரிக் கிடக்கு! இதை மனுசர் தின்னுவாங்களா? இதையா கோயில் சனத்துக்கெல்லாம் குடுத்தனீங்கள்? எத்தினை பேர் பிரஷர் வந்து படுத்திருக்கோ தெரியாது! என்ன போட்டனீங்கள் இதுக்கு?"

"உப்புப் போட்டு ஊற வைச்சனான்" என்றார் அவர் மிரண்டுபோய். "பன்றிக்கு உப்பும் மஞ்சளும் போடாம ஆரும் சமைப்பாங்களா?"

"பேக்கன் எண்டாலே உப்பில ஊறினதுதானே! மஞ்சளுமா? மஞ்சளுமா போட்டனீங்கள்?"

"கொஞ்சம்" என்றார்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேர்த்தி போய்விட்டது. பன்றியும் தின்றாயிற்று, ஏசியும் ஆயிற்று, ஃபாதரின் ஆசீர்வாதம் அரை நாள்கூட நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இதைத்தான், இதைத்தான் கேட்டனான்" என்றார். அப்போதுதான் நேர்த்தியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கிறிஸ்மஸுக்கும் தின்னேல்லையா?"

"ஓம்."

"எனக்காகவா?"

"இல்லை, பன்றிக்காக" என்றேன். அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, பாதி உப்பால்.

மறுநாளிலிருந்து டிபார்ட்மென்டில் இரண்டு பேர். கை அவருடையது, நாக்கு என்னுடையது. உப்பும் மஞ்சளும் போயின. மிளகாய் கூடியது, பாணிக்குள் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி சேர்ந்தது. நான் ஏசுவேன், அவர் தலையாட்டித் திருத்துவார். பாடகர் குழுவில் இப்போது டப்பாவுக்கு அடிபடுகிறார்கள். அந்தோனியாரிடம் மட்டும் எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைப் பக்கம் போகாமல் இருந்தேன். நேர்த்தியும் இல்லை, பரிகாரமும் இல்லை, கேட்க வாயும் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் முதல் துண்டை மனுசனே வாயில் போடுவார். நான் பார்க்காத மாதிரிப் பார்ப்பேன். மென்றுவிட்டுத் தலையை ஆட்டுவார், கடதாசி என்று.

போன மாதம் ஒரு பின்னேரம் தட்டு ஓவனில் இருந்தது. வாசலில் மீன்காரன் மணியடித்தான். நான் இறங்கிப் போய் விலை பேசி, அவனோடு சண்டை பிடித்து, திரும்பி ஏறும்போது படியெல்லாம் கருகல் வாசம். மேலே ஓடினேன். மனுசன் ஓவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மூக்கில்லாத மனுசனுக்கு எரிகிறது எப்படித் தெரியும்? தட்டை இழுத்தெடுத்தேன். பாணி கருகிக் கன்னங்கரேலென்று தாராகிக் கிடந்தது.

"இதைக் குப்பையில போடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறக்கப் போனேன். அவர் வழக்கம்போல் ஒரு துண்டை உடைத்து ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டார்.

"கசக்குது" என்றார்.

"கருகினாக் கசக்காம இனிக்குமா?" என்றேன் நான், ஜன்னல் கொளுக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டு. பிறகு கை நின்றது. திரும்பினேன். அவர் அசையாமல் நின்றார், வாய் பாதி திறந்தபடி.

"என்ன சொன்னீங்கள்?"

"கசக்குது" என்றார் மெதுவாக. இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தார். "இஞ்சாரும், கசக்குது. நாக்கு அடியில. கசக்குதப்பா!"

நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுத் தங்கச்சி தலைச்சீலையைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தாள். புகைக்கு நடுவில் அவர் வாயெல்லாம் கரியாக, நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து அவள் வெலவெலத்துப்போனாள்.

"என்த நடந்த? யா அல்லாஹ், ஆருக்கு என்த நடந்த?"

"அவருக்குக் கசக்குதாம்" என்றேன்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அதற்குள் அடுத்த துண்டை எடுத்திருந்தார்.